தானாக விரியும் கோப்புகள்: திறக்கும் முன்பும் அனுப்பும் முன்பும் 22 குறிப்புகள்

புது பிரிண்டருக்கு டிரைவர் இறக்கினால் வருவது, அலுவலக நண்பர் பென் டிரைவில் போட்டுத் தருவது, பழைய சிடியில் பாதுகாத்து வைத்திருப்பது என்று வீட்டுக் கணினியில் அங்கங்கே கிடப்பவை இந்தத் தானாக விரியும் கோப்புகள். பார்ப்பதற்கு ஒரு மென்பொருள் போல இருக்கும். பெயர் ஈஎக்ஸ்ஈ என்று முடியும். இரட்டைக் கிளிக் செய்தால் எங்கே பிரிக்க வேண்டும் என்று கேட்டு, உள்ளே சுருக்கி வைத்த கோப்புகளை வெளியே கொட்டும். ஜிப் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

ஒரு காலத்தில் இது பெரிய உபகாரம். 1.44 எம்பி கொள்ளும் ஃபிளாப்பியில் கோப்புகளைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். வாங்குபவரிடம் அதை விரிக்கும் நிரல் இருக்குமா என்பது நிச்சயமில்லை. அதனால் விரிக்கும் நிரலையே கோப்போடு ஒட்டி அனுப்பினார்கள். ஜப்பானிய மருத்துவர் ஹருயாசு யோஷிசாகி 1988இல் எழுதிய எல்எச்ஆர்க், அமெரிக்காவின் பில் கட்ஸ் 1989இல் வெளியிட்ட பிகேஜிப் ஆகியவை இந்த வசதியோடு பரவின. அந்தத் தேவை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கோப்பு வடிவம் மட்டும் தங்கிவிட்டது, அதோடு சேர்ந்த ஆபத்தும் தங்கிவிட்டது. வீட்டில் கணினியைப் பிள்ளைகளும் பெரியவர்களும் மாறி மாறிப் பயன்படுத்தும்போது, கீழே உள்ளவற்றை எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

1. இரட்டைக் கிளிக் செய்யாமலே திறக்கலாம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். தானாக விரியும் கோப்பின் மீது வலது கிளிக் செய்து, 7-ஜிப் என்ற வரிக்குள் போய், ‘ஓப்பன் ஆர்கைவ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அந்த வரி முதலில் தெரியாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் வரும். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் அப்படியே விரியும். வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். கோப்போடு ஒட்டிவந்த நிரல் ஓடவே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். இரட்டைக் கிளிக் செய்வது, பார்சலைப் பிரித்துத் தருகிறேன் என்று முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதற்குச் சமம். பார்சலை வாசலிலேயே வாங்கி நாமே பிரித்துக்கொள்ளும் வழி இருக்கும்போது அவரை ஏன் உள்ளே விட வேண்டும்?

2. ஓட்டாமலே திறப்பது எப்படி முடிகிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: நம்பிக்கையான ஒரு சிறிய தானாக விரியும் ஜிப் கோப்பை எடுத்து, நோட்பேடைத் திறந்து, அதற்குள் இழுத்துப் போடுங்கள். அர்த்தமற்ற குறியீடுகளாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிடலாம். முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட் என்று இருக்கும். விண்டோஸில் ஓடும் ஈஎக்ஸ்ஈ நிரல்கள் இப்படித்தான் தொடங்கும். மைக்ரோசாஃப்டில் அந்த வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. அதற்குக் கீழே வெகுதூரம் போனால் பி, கே என்ற இரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அவை பில் கட்ஸின் முதலெழுத்துகள். அங்கிருந்துதான் ஜிப் தொடங்குகிறது. ஜிப் கோப்பின் பொருளடக்கம் கடைசியில் இருப்பதால், முன்னால் எதை ஒட்டினாலும் 7-ஜிப் அதைத் தாண்டிப்போய்ப் படித்துவிடுகிறது.

3. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைக்கிறது. இதை முதலில் மாற்றுங்கள். விண்டோஸ் 11இல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, வியூ, ஷோ, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று வரிசையாகப் போய் டிக் செய்தால் போதும். விண்டோஸ் 10இல் வியூ பட்டையிலேயே அந்தக் கட்டம் இருக்கிறது. இதைச் செய்யாதவரை ‘பில் டாட் பிடிஎஃப் டாட் ஈஎக்ஸ்ஈ’ என்ற கோப்பு உங்கள் கண்ணுக்கு ‘பில் டாட் பிடிஎஃப்’ என்றுதான் தெரியும்.

4. ஐகானை நம்பாதீர்கள். தானாக விரியும் கோப்பை உருவாக்குபவர் தனக்கு வேண்டிய படத்தை அதற்கு வைத்துக்கொள்ள வின்ரார் என்ற சுருக்கு மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. பிடிஎஃப் படமோ ஃபோல்டர் படமோ எதையும் வைக்கலாம். பெயரின் கடைசிப் பகுதிதான் சாட்சி.

5. வின்ராரில் செய்த தானாக விரியும் கோப்புகளில் ஒரு குறிப்புப் பகுதி உண்டு. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. கோப்பின் மீது வலது கிளிக் செய்து வின்ராரில் திறந்தால், வலப்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் சில வரிகள் தெரியும். ‘பாத்’ என்று தொடங்கும் வரி, கோப்புகள் எந்த ஃபோல்டருக்குப் போகும் என்று சொல்கிறது. ‘ஓவர்ரைட்=1’ என்றிருந்தால், அதே பெயரில் அங்கே ஏற்கெனவே உள்ள கோப்புகளை உங்களைக் கேட்காமல் அழித்துவிட்டு எழுதும். ‘சைலன்ட்=1’ என்றால் திரையில் எதையும் காட்டாமல் வேலையை முடிக்கும். ‘செட்டப்’ என்று தொடங்கும் வரிதான் மிகவும் கவனிக்க வேண்டியது. விரித்து முடித்ததும் எந்த நிரலைத் தானாக ஓட்ட வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்கும். முறையான நிறுவனத்தின் டிரைவரில் இந்த வரி இருப்பது இயல்பு. வெறும் புகைப்படங்கள், ஆவணங்கள் என்று சொல்லி அனுப்பிய கோப்பில் ‘செட்டப்’ வரியும் ‘சைலன்ட்’ வரியும் சேர்ந்திருந்தால், மறுபேச்சில்லாமல் அழித்துவிடுங்கள்.

6. உள்ளே பெரிதாக எதுவும் இல்லையே என்று அலட்சியப்படுத்தவும் கூடாது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023இல் விவரித்த ஒரு தாக்குதலில், தானாக விரியும் கோப்புக்குள் இருந்தது ஒரே ஒரு வெற்று டெக்ஸ்ட் கோப்பு. வைரஸ் தேடும் மென்பொருள் அதில் எதைப் பிடிக்கும்? தீங்கு முழுவதும் முந்தைய குறிப்பில் சொன்ன ‘செட்டப்’ வரிகளில் இருந்தது. விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் போன்ற கருவிகளை ஓட்டும்படி அங்கே கட்டளை எழுதியிருந்தார்கள்.

7. கடவுச்சொல்லும் அதே மின்னஞ்சலில் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கடவுச்சொல் போட்ட கோப்புக்குள் வைரஸ் மென்பொருளால் எட்டிப்பார்க்க முடியாது. விரித்து வெளியே வந்த பிறகுதான் பார்க்க முடியும். பாதுகாப்புக்காகக் கடவுச்சொல் போடுகிறவர் அதைத் தொலைபேசியிலோ வேறு வழியிலோ சொல்வார். கோப்போடு சேர்த்தே எழுதி அனுப்புகிறவர் யாரிடமிருந்து எதை மறைக்கிறார் என்று யோசியுங்கள். இதைவிடத் தந்திரமான வழியும் உண்டு. 2022இல் எமோடெட் என்ற வைரஸ் பரப்பும் வலையமைப்பின் வழியாக வந்த மின்னஞ்சல்களில், தானாக விரியும் கோப்புக்குள் கடவுச்சொல் போட்ட இன்னொரு தானாக விரியும் கோப்பு இருந்தது. உள்ளே இருப்பதற்கான கடவுச்சொல்லை வெளியே இருப்பதே கொடுத்துத் திறந்துகொண்டது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பட்டியலோ ரசீதோ மட்டும்தான்.

8. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் அதற்குள் நகர்த்திவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். இறக்கிய எல்லாமும் குவிந்து கிடக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்து ஓட்டாதீர்கள். நிரல் தனக்குத் தேவையான டிஎல்எல் கோப்புகளைத் தேடும்போது தன் பக்கத்தில் உள்ளதைத்தான் பல சமயம் முதலில் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் யாரோ போட்டுவைத்த போலி டிஎல்எல் கிடந்தால், நல்ல கோப்பே கெட்ட வேலையைச் செய்துவிடும்.

9. கையொப்பம் பாருங்கள். வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அங்கே ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கம் இருக்கிறதா? பெரிய நிறுவனங்களின் டிரைவர்களில் நிறுவனத்தின் பெயரோடு இருக்கும். தனி ஆட்கள் 7-ஜிப்பிலோ வின்ராரிலோ செய்து அனுப்புவதில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் ‘விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி’ என்ற நீலப் பெட்டி வந்து நிற்கிறது. ‘மோர் இன்ஃபோ’ அழுத்தி ‘ரன் எனிவே’ கொடுக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதீர்கள். ஒருமுறை கை பழகினால் எல்லாவற்றுக்கும் அதையே அழுத்தும்.

10. சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றிப் பல வைரஸ் மென்பொருள்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் பார்க்கலாம். 650 எம்பி வரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அங்கே ஏற்றும் கோப்புகளைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்க முடியும். வீட்டுப் பத்திரம், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை உள்ளே இருக்கிற கோப்பை அங்கே ஏற்றவே கூடாது. டிரைவர், மென்பொருள் போன்ற பொதுவான கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மென்பொருள் மட்டும் சிவப்புக் காட்டினால் அது வீண் சந்தேகமாகவும் இருக்கலாம். தானாக விரியும் கோப்புகளுக்கு அப்படி நேர்வது சகஜம்.

11. சி டிரைவில் இடம் இல்லை என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. சி டிரைவைத் திறந்து, என்விடியா, ஏஎம்டி, எஸ்டபிள்யூசெட்டப் என்ற பெயர்களில் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர்களும் எச்பி கணினிகளின் டிரைவர்களும் தானாக விரியும் கோப்புகளாக வந்து, இங்கே விரிந்து, நிறுவி முடித்த பிறகும் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு பிரதி என்று சேர்ந்து சில ஜிபி வரை போகும். டிரைவர் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அந்த ஃபோல்டர்களுக்குள் விரிந்து கிடப்பவற்றை அழிக்கலாம். சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இதே பெயர்களில் இருக்கும் ஃபோல்டர்களை மட்டும் தொடாதீர்கள். அவை நிறுவப்பட்ட மென்பொருள்.

12. அதே போல, ரன் பெட்டியில் சதவீதக் குறி, டெம்ப், சதவீதக் குறி என்று தட்டினால் திறக்கும் தற்காலிக ஃபோல்டரில் ‘ரார்எஸ்எஃப்எக்ஸ்’ என்று தொடங்கும் ஃபோல்டர்கள் இருக்கலாம். பாதியில் நிறுத்தியவற்றின் மிச்சம் அவை. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.

13. 1 ஜிபி கோப்புக்கு 1 ஜிபி காலி இடம் போதாது. மூலக் கோப்பு, விரிந்த கோப்புகள், சில சமயம் டெம்ப்பில் இன்னொரு பிரதி என்று மூன்று மடங்கு வரை கேட்கும். இடம் குறைந்தால் பாதியில் நின்று குழப்பமான பிழைச் செய்தி வரும்.

14. டிரைவர் தொகுப்போடு வேண்டாத உதவி மென்பொருள்களும் வந்து ஒட்டிக்கொள்வதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. டிரைவர் கோப்பை ஓட்டாமல், முதல் குறிப்பில் சொன்னபடி 7-ஜிப்பில் ஒரு ஃபோல்டருக்குள் விரித்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் மீது வலது கிளிக் செய்து, ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, ‘ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர்’ என்பதில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ஐஎன்எஃப் கோப்பு உள்ளே இருந்தால் விண்டோஸ் அதை மட்டும் எடுத்து நிறுவிக்கொள்ளும். ஸ்கேனர், வைஃபை கார்டு போன்றவற்றுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. எல்லாத் தொகுப்புகளும் 7-ஜிப்பில் விரியும் என்று சொல்ல முடியாது. விரியாவிட்டால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இறக்கியதுதானா என்று உறுதிசெய்துகொண்டு வழக்கமான முறையில் ஓட்டுங்கள்.

15. இனி அனுப்புபவர்களுக்கு. தானாக விரியும் கோப்பு விண்டோஸுக்காகச் செய்தது. கைபேசியில் ஓடாது, மேக்கில் ஓடாது, குரோம்புக்கில் ஓடாது. அமெரிக்காவில் இருக்கும் மகள் மேக் வைத்திருந்தால், தம்பி எல்லாவற்றையும் கைபேசியிலேயே பார்ப்பவராக இருந்தால், அவர்கள் கையில் கிடைப்பது திறக்காத கோப்பு. சாதாரண ஜிப்பை இவை எல்லாமே திறக்கும். ஏற்கெனவே அப்படி ஒரு கோப்பு வந்து மாட்டிக்கொண்டவர்கள், ஆண்ட்ராய்டில் ஜெட்ஆர்கைவர், மேக்கில் கேகா ஆகியவற்றைக் கொண்டு திறந்து பார்க்கலாம்.

16. ஜிமெயிலில் ஈஎக்ஸ்ஈ கோப்பு போகாது. அதை ஒரு ஜிப்புக்குள் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்து நிறுத்திவிடும். அவுட்லுக்கும் தடுக்கும். பல அலுவலகக் கணினிகளில், வெளியிலிருந்து வரும் ஈஎக்ஸ்ஈ எதுவும் ஓடாதபடி பூட்டிவைத்திருப்பார்கள். பெயரின் கடைசி எழுத்தை மாற்றி அனுப்பு, வாங்கியதும் திருத்திக்கொள் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாதுகாப்பைச் சுற்றிவளைத்துப் போகும் பழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாமே கற்றுக்கொடுத்தால், நாளை மோசடிக்காரன் அதையே சொல்லும்போது அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

17. கல்யாணப் படங்களை இப்படிச் சுருக்கி அனுப்பினால் இடம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். ஜேபெக் படம், எம்பி4 வீடியோ, எம்பி3 பாட்டு எல்லாமே ஏற்கெனவே சுருக்கியவை. 500 எம்பி படங்களை ஜிப் செய்தால் மிஞ்சிப் போனால் சில எம்பி குறையும்; தானாக விரியும் கோப்பாக்கினால் விரிக்கும் நிரலின் சில நூறு கேபி கூடவே சேரும். வேர்டு ஆவணமும் அப்படித்தான். டாக்எக்ஸ் என்பதே ஒரு ஜிப். நம்பிக்கை இல்லை என்றால் ஒரு ஆவணத்தின் நகலை எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே ‘வேர்டு’ என்ற ஃபோல்டர் இருக்கும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் வசதிக்காக மட்டுமே படங்களை ஜிப் செய்யலாம். உண்மையில் நன்றாகச் சுருங்குபவை வெறும் டெக்ஸ்ட், சிஎஸ்வி, பழைய டாக் கோப்புகள், பிஎம்பி படங்கள்.

18. அப்படியானால் இது எதற்குத்தான் உதவும்? மனதார ஒப்புக்கொள்ளக்கூடிய பயன்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, இணையமும் இல்லாத, புதிய மென்பொருளும் நிறுவ முடியாத விண்டோஸ் கணினிக்குப் பென் டிரைவில் கோப்புகளைக் கொண்டுபோவது. பள்ளிக் கணினி அறை, பழைய கடைக் கணினி போன்ற இடங்களுக்கு இது கச்சிதம். இன்னொன்று, கடவுச்சொல் போட்டு முக்கிய ஆவணங்களை ஒப்படைப்பது. விண்டோஸின் சொந்த ஜிப் வசதி, பலமான ஏஇஎஸ் பூட்டுப் போட்ட கோப்புகளைத் திறக்கத் தடுமாறும். 7-ஜிப்பில் செய்த தானாக விரியும் கோப்பு, கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டுத் தானே திறந்துகொள்ளும். வாங்குபவர் வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை.

செய்முறை எளிது. ஃபோல்டரின் மீது வலது கிளிக், 7-ஜிப், ‘ஆட் டு ஆர்கைவ்’. வடிவம் 7இசட் என்று இருக்க வேண்டும். ஜிப் என்று வைத்தால் தானாக விரியும் வசதி கிடைக்காது. ‘க்ரியேட் எஸ்எஃப்எக்ஸ் ஆர்கைவ்’ கட்டத்தில் டிக் செய்து, கடவுச்சொல்லை இருமுறை கொடுத்து, ‘என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ கட்டத்திலும் டிக் செய்யுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் உள்ளடக்கம் பூட்டியிருந்தாலும் ‘அப்பா உயில்’, ‘வங்கி லாக்கர்’ போன்ற கோப்புப் பெயர்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். மொத்த அளவு 4 ஜிபியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போன ஈஎக்ஸ்ஈ கோப்பை விண்டோஸ் ஓட்டாது, பழைய எஃப்ஏடி32 பென் டிரைவில் ஏறவும் செய்யாது.

19. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது. ஜிப் வடிவம் பிறந்தபோது ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும்தான் அதன் கணக்கில் இருந்தன. யூனிகோட் பெயர்களுக்கு முறையான இடம் 2006இல்தான் வந்தது. அதற்கு முற்பட்ட, அல்லது அதைப் பின்பற்றாத கருவிகளில் ‘பாட்டி சமையல்’ என்ற கோப்பு கேள்விக்குறிகளாக மாறிவிடும். விண்டோஸ் 7 வரை தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஜிப் செய்யவே மறுத்துப் பிழைச் செய்தி காட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். விண்டோஸின் பழைய எழுத்து முறைகளில் தமிழுக்கென்று ஓர் இடமே இருக்கவில்லை என்பதுதான் காரணம். 7இசட் வடிவமும் இப்போதைய ரார் வடிவமும் யூனிகோட் பெயர்களைச் சிதைக்காமல் வைத்துக்கொள்கின்றன. பழைய கணினிக்குப் போகப்போகும் கோப்பு என்றால் மட்டும் ஆங்கிலப் பெயர் வைத்துவிடுங்கள். மற்றபடி தமிழ்ப் பெயரைத் தயங்காமல் வையுங்கள். கருவிகள்தான் மொழிக்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

20. நீண்டகாலச் சேமிப்புக்குத் தானாக விரியும் கோப்பு வேண்டாம். ஒட்டிவரும் நிரல் அந்தந்தக் காலத்து விண்டோஸுக்கு எழுதியது. 1990களில் டாஸுக்காகச் செய்த தானாக விரியும் கோப்பை இன்று இரட்டைக் கிளிக் செய்தால், இந்தக் கணினியில் ஓடாது என்று பதில் வரும். 64 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து நிரல்களை ஓட்டுவதில்லை, விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான். நிரல் செத்துப்போனாலும் உள்ளே இருக்கும் சரக்குக்குப் பெரும்பாலும் சேதம் இருக்காது. அலமாரியில் பழைய ஃபிளாப்பி, சிடி வைத்திருப்பவர்கள் அவற்றைத் தூக்கி எறியும் முன் 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். ஜிப், எல்எச்ஏ போன்ற பழைய வடிவங்களையும் அது படிக்கும். தாத்தா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு உள்ளே இருக்கலாம். எடுத்ததும் சாதாரண ஃபோல்டராக இரண்டு இடங்களில் சேமியுங்கள். தமிழ் ஆவணமாக இருந்தால் அது எழுதப்பட்ட பழைய எழுத்துருவையும் அதே சிடியில் தேடி எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ், எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது.

21. சுருக்குக் கருவிகளையும் புதுப்பித்து வையுங்கள். வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. யாரோ பத்தாண்டுக்கு முன் நிறுவிய பதிப்பே பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் வெளிவந்த ஒரு குறையில், ரார் அல்லது ஜிப்புக்குள் இருக்கும் படத்தைத் திறந்தாலே மறைந்திருந்த நிரல் ஓடிவிடும் நிலை இருந்தது, 6.23 பதிப்பில்தான் அடைத்தார்கள். 7-ஜிப்பிலும் 24.09 பதிப்புக்கு முன்னால், இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற எச்சரிக்கை முத்திரையைத் தாண்டிப்போகும் ஓட்டை இருந்தது. ஹெல்ப் பட்டியலில் ‘அபௌட்’ என்பதைத் திறந்து உங்கள் பதிப்பு எண்ணை இன்றே பாருங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ரார், 7இசட் கோப்புகளை எப்போதாவது திறந்து பார்க்க மட்டும் என்றால் வேறு கருவியே தேவையில்லை. 2023 இறுதியிலிருந்து விண்டோஸே அவற்றைத் திறக்கிறது.

22. கடைசியாக, பண விஷயம். வங்கியோ அரசுத் துறையோ உங்களுக்கான தனிப்பட்ட ஆவணத்தைத் தானாக ஓடும் கோப்பாக அனுப்புவதில்லை. வருமான வரி 26ஏஎஸ் படிவத்தை டெக்ஸ்ட் வடிவில் இறக்கினால், உங்கள் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகக் கொண்ட சாதாரண ஜிப் வரும். ஆதாரின் ஆஃப்லைன் இகேஒய்சியும் நீங்களே வைக்கும் நான்கு எழுத்துக் குறியீட்டோடு ஜிப்பாகத்தான் வரும். வங்கி அறிக்கை பிடிஎஃப். ஆகவே ‘உங்கள் வரி நோட்டீஸ்’, ‘கேஒய்சி விவரம்’ என்ற பெயரில் ஈஎக்ஸ்ஈ வந்தால் அது மோசடி. இதன் கைபேசி வடிவம்தான் வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகள். நிறுவினால் குறுஞ்செய்திகளையும் ஓடிபியையும் படித்துவிடும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் இருக்கும், ஏபிகேயாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தெரியாமல் திறந்துவிட்டால் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். வைஃபையைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதை ஓட்டுங்கள். அந்தக் கணினியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டாமல், வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் இப்போதே பதிந்து கொடுத்துவிடுங்கள்.